யார் பிழை என்ற கணக்கு

1880 அக்டோபரில் கும்பகோணத்தில் நடந்த ஒரு சந்திப்பு தமிழ் படித்தவர்கள் பலருக்கும் தெரிந்ததுதான். அரியலூரிலிருந்து முன்சீபாக மாற்றலாகி வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்க உ.வே. சாமிநாதையர் போகிறார். வயது 25. கும்பகோணம் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதர் வேலை அந்த ஆண்டுதான் கிடைத்திருந்தது. யாரிடம் பாடம் கேட்டீர்கள் என்று முதலியார் கேட்கிறார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை என்று பதில். அந்தப் பெயர் காதில் விழுந்ததுமே எதிரில் இருப்பவர் மதிப்போடு பார்ப்பார் என்பது இளைஞரின் எதிர்பார்ப்பு. முதலியார் முகத்தில் ஒரு மாறுதலும் இல்லை. என்னென்ன படித்தீர்கள் என்கிறார். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவை என்று பட்டியல் நீள்கிறது. இவற்றையெல்லாம் படித்து ஆகப்போவது என்ன என்று கேட்டுவிடுகிறார் முதலியார். நைடதம், கம்பராமாயணம் என்று கனமான சரக்கை எடுத்து வைத்துப் பார்த்தும் பலிக்கவில்லை. சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை படித்ததுண்டா என்ற கேள்வி வந்தபோது இளைஞரிடம் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.

இந்த நிகழ்ச்சியைப் பதிப்பு வரலாற்றின் திருப்புமுனையாகவே நாம் பேசிப் பழகியிருக்கிறோம். 1887இல் சிந்தாமணி அச்சேறியதற்கு வித்து அங்கேதான் விழுந்தது என்பதால் அது நியாயமும்கூட. ஆனால் 'என் சரித்திர'த்தில் அந்தப் பகுதியை நிதானமாகப் படிப்பவருக்கு இன்னொன்றும் தெரியும்: நகைச்சுவை அறிந்த கை எழுதிய பகுதி அது. ஆனந்த விகடனில் தொடர் வரத் தொடங்கியது 1940இல். நடந்ததற்கும் எழுதியதற்கும் நடுவே ஏறத்தாழ 60 ஆண்டு. எண்பது கடந்த பெரியவர், இருபத்தைந்து வயதுப் பண்டிதரின் மிதப்பைக் கொஞ்சமும் குறைக்காமல் நம் முன் நிறுத்துகிறார். ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் அந்த இளைஞன் மனத்தில் ஓடிய கணக்கைச் சொல்கிறார். அடுத்த வரியில் அந்தக் கணக்கு பொய்க்கிறது. ஆங்கிலம் படித்த மனிதர், தமிழின் அருமை இவருக்கு எங்கே தெரியப்போகிறது என்று இளைஞன் தன்னைத் தேற்றிக்கொள்ளும் இடமும் வருகிறது. அதைவிட அழகாக ஒருவர் தன் அசட்டுத்தனத்தைக் காட்டிக்கொடுக்க முடியாது. தோற்ற இடத்தில் நமக்குச் சிரிப்பு வருவதில்லை. தோல்விக்கு முந்தைய அந்த நம்பிக்கையைப் பார்க்கும்போதுதான் வருகிறது.

நடந்த அன்று உடம்பைக் கூசவைத்த ஒன்று பிற்பாடு எப்படிச் சிரிப்பாகிறது? பலரும் சட்டென்று சொல்லும் பதில், காலம். ஆங்கில மேடை நகைச்சுவைக்காரர்களிடையே இதற்கு ஒரு சூத்திரமே உண்டு: துயரத்தோடு காலத்தைக் கூட்டினால் நகைச்சுவை. ஆய்வுகள் இதை ஓரளவு ஆதரிக்கின்றன. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் பீட்டர் மெக்ரா குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வு, கார் மோதியது போன்ற பெரிய விபத்து பல ஆண்டுக்கு முன் நடந்ததாகச் சொன்னால்தான் வேடிக்கையாகப் படும், கால்விரலை இடித்துக்கொண்டது போன்ற சின்ன விஷயமோ நேற்று நடந்ததாக இருந்தால்தான் சிரிப்பு வரும் என்று காட்டியது. அதே ஆண்டு வீசிய சாண்டி புயலைப் பற்றிய கேலிகளைப் பல கட்டங்களில் மக்களிடம் கொடுத்து மதிப்பிடச் சொன்னார்கள். புயல் அடித்த உடனே ரசிக்காத கேலி ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து உச்சத்தில் ரசித்தது. இன்னும் நாள் போனதும் சப்பென்று ஆனது. காலம் கூடக் கூடச் சிரிப்பும் கூடும் என்ற எளிய சூத்திரம் இந்த ஆய்வுகளிலேயே உடைந்துவிடுகிறது. ஆனாலும் அவை தூரத்தை மட்டுமே அளக்கின்றன. அந்தத் தூரத்தில் நின்று பார்ப்பவர் என்னத்தைக் கண்டுகொள்கிறார் என்பது அளவுகோலுக்கு வெளியே நிற்கிறது.

அதைக் காண, எதிர்த் திசையில் ஓடும் ஒரு நிகழ்ச்சி வேண்டும். பாமாவின் 'கருக்கு' (1992) நூலில் அப்படி ஒன்று இருக்கிறது. பள்ளி விட்டு வரும் சிறுமி, தன் தெருப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கையில் படாமல் சரட்டைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் நிலக்காரரிடம் குனிந்து கொடுப்பதைப் பார்க்கிறாள். அவளுக்கு அடக்கமாட்டாமல் சிரிப்பு வருகிறது. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் அதை வேடிக்கையாகச் சொல்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. தொட்டால் தீட்டு என்பதால்தான் அப்படித் தூக்கிப் போனார் என்று விளக்குகிறான். அந்த நொடியில் சிரிப்பு செத்துப்போகிறது, அந்த இடத்தில் கோபம் வருகிறது. பிறகு எத்தனை ஆண்டு கழிந்தும் அது மறுபடி சிரிப்பாகவில்லை. சாமிநாதையர் விஷயத்தில் அவமானம் சிரிப்பானது. இங்கே சிரிப்பு அவமானமாகி, அவமானம் சினமானது. இரண்டிலும் காலம் ஓடியிருக்கிறது. முடிவு நேர் எதிர்.

வேறுபாடு எங்கே என்றால், திரும்பிப் பார்க்கும்போது கிடைத்த விடையில். நான் ஏன் அன்று கூனிக்குறுகினேன், தவறு யாருடையது என்று பிற்காலத்தில் கணக்குப் பார்க்கிறோம். என் வீம்பு, என் அறியாமை, என்னைப் பற்றி நானே வைத்திருந்த மிகையான எண்ணம் என்று விடை வந்தால் சிரிப்பு வருகிறது. தவறு வேறிடத்தில் இருக்கிறது, சுமந்தது மட்டும் நான் என்று விடை வந்தால் சிரிப்புக்கு இடமில்லை. அங்கே வலிந்து சிரிப்பவர் பிறர் குற்றத்தைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறார். இந்தக் கணக்கைப் பார்க்கக் காலம் அவகாசம் தருகிறது. அதற்குமேல் அது செய்வது குறைவு என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

இப்படி ஒரு பிரிப்பு தமிழ் இலக்கணத்துக்குப் புதிதல்ல. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளுள் நகையை முதலில் வைத்து, அது பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். இழிவுணர்ச்சியாகிய இளிவரலுக்குத் தனியாக நான்கு இடங்கள் சொல்கிறது: மூப்பு, பிணி, வருத்தம், மென்மை. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரு பட்டியலும் வேறு வேறு நிலங்கள். இளமையின் துடுக்கு, விஷயம் தெரியாமை, யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு விடாமை ஆகியவை சிரிப்புக்கு உரியவை. உடல் தளர்வதும் நோயும் துன்பமும் வலுவின்மையும் ஒருவர் செய்த பிழையால் வந்தவை அல்ல. அவற்றால் வரும் கூச்சத்தை இலக்கணம் நகையில் சேர்க்கவில்லை. தொல்காப்பியத்துக்குப் பேராசிரியர் என்ற பழைய உரையாசிரியர் எழுதிய உரை இன்னொரு நுட்பத்தையும் சொல்கிறது. எள்ளல் என்பது தான் பிறரை எள்ளி நகுவதோடு முடிவதில்லை, பிறரால் எள்ளப்பட்டபோது தான் நகுவதும் அதில் அடங்கும் என்கிறார். கேலிக்கு ஆளானவரும் சிரிப்பில் பங்குகொள்ள இடம் உண்டு என்று ஓர் இலக்கண உரைகாரர் எழுதி வைத்திருக்கிறார். இந்த வரையறைகள் செய்யுளில் உணர்ச்சி வெளிப்படும் முறைக்காகச் சொல்லப்பட்டவை, வாழ்க்கை வரலாறு எழுதுவோருக்கு விதி வகுத்தவை அல்ல என்ற மறுப்பு சரியானது. ஆனாலும் எதைப் பார்த்துச் சிரிப்போம், எதைப் பார்த்துச் சிரிக்கமாட்டோம் என்று கூர்ந்து கவனித்த ஒருவரின் பட்டியல் அது.

உளவியலாளர்கள் இதே இடத்துக்கு வேறு வழியில் வருகிறார்கள். 1983இல் நிக்ரோவும் நைசரும் நினைவுகளை இரண்டாகப் பிரித்தனர்: நம் கண்வழியே மீண்டும் பார்க்கும் நினைவு ஒன்று, வெளியே நிற்கும் ஆளைப்போல நம்மையே பார்க்கும் நினைவு இன்னொன்று. தன் பழைய அசட்டுத்தனத்தைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்பவர் இரண்டாவது வகையில்தான் நின்று பேசியாக வேண்டும்; தன் முகம் சிவந்ததை அவரே பார்க்க வேண்டுமே. வெளியே நின்று பார்ப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. அன்று ஊரே நம்மைப் பார்த்தது என்ற எண்ணம் பெரும்பாலும் மிகை. கார்னெல் பல்கலைக்கழகத்தில் கிலோவிச் குழுவினர் நடத்தி 2000இல் வெளியிட்ட சோதனையில், பாரி மானிலோ என்ற பாடகரின் படம் பெரிதாகப் போட்ட டீ-ஷர்ட்டை மாணவர்களுக்கு மாட்டிவிட்டார்கள். அதைப் போடுவதே மாணவர்களுக்கு மானக்கேடு. பின்னர் ஓர் அறைக்குள் அனுப்பினார்கள். அங்கிருந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் கவனித்திருப்பார்கள் என்று போட்டிருந்தவர் நினைத்தார். கவனித்தவர் கால்வாசி அளவுக்குத்தான். நாம் வருந்திய அளவுக்கு நம்மை யாரும் பொருட்படுத்தவே இல்லை என்று தெரியவருவது கொஞ்சம் ஏமாற்றம்தான், ஆனால் நல்ல நகைச்சுவைக்கு அது கைமுதல்.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் எழும். பழைய நானைக் கேலி செய்வது தன்னடக்கம்போலத் தோன்றும் தற்பெருமைதானே? ஆன் வில்சனும் மைக்கேல் ராஸும் 2001இல் காட்டியது ஏறக்குறைய இதைத்தான். மனிதர்கள் தம் கடந்தகால 'நான்'களைத் தாழ்த்திப் பேசி, இன்றைய 'நான்' வளர்ந்துவிட்டதாக மகிழ்கிறார்கள். உண்மையில் வளர்ச்சி இருக்கிறதோ இல்லையோ. அன்று எவ்வளவு முட்டாளாக இருந்தேன் என்று சொல்லும் வாய் இன்று எவ்வளவு கெட்டிக்காரன் என்பதைச் சொல்லாமல் சொல்லிவிடுகிறது. இதை மறுக்க எனக்கு வழியில்லை; இந்த வகை எழுத்தில் பெரும்பகுதி அப்படிப்பட்டதுதான். ஆனால் சாமிநாதையரின் பகுதி தப்பிக்கிறது. அந்த இளைஞனின் படிப்பு பொய் என்று அவர் எங்கும் சொல்லவில்லை. அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் தன் ஆசிரியரையும் கடைசிவரை போற்றினார். அந்தப் படிப்பே போதும் என்ற நினைப்பை மட்டும் கிள்ளி எடுத்துச் சிரிப்புக்குக் கொடுக்கிறார். பிழை எவ்வளவோ அவ்வளவுக்கே சிரிப்பு.

பிழையை ஒத்துக்கொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்பதைத் தமிழ் சினிமா 2003இல் மறக்க முடியாதபடி காட்டியது. 'வின்னர்' படத்தில் வடிவேலு நடித்த கைப்புள்ள, அடி வாங்கிய ஒவ்வொரு முறையும் அதை வீரக் கதையாகத் திரித்துச் சொல்வான். நாம் விழுந்து விழுந்து சிரிக்கிறோம், அவன் சிரிப்பதில்லை. தன் அவமானத்தைத் தானே பார்க்க மறுப்பவன் கதையின் பொருளாக மட்டுமே இருக்கிறான், சொல்பவனாக ஆவதில்லை. இதற்கு எதிர்முனையில் இருக்கிறது 2002இல் லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கிய 'மார்ட்டிஃபைடு' என்ற மேடை நிகழ்ச்சி. வளர்ந்தவர்கள் தாங்கள் பதின்வயதில் எழுதிய டைரியையும் காதல் கடிதத்தையும் அப்படியே கூட்டத்தின் முன் படிக்கிறார்கள். புதிதாக நகைச்சுவை சேர்ப்பதில்லை. எதைப் படிப்பது என்ற தேர்வுதான் வேலை. உலகமே தன் மீசைக்காகக் காத்திருப்பதாக நம்பிய பதினான்கு வயதை நாற்பது வயதுக் குரல் வாசிக்கும்போது, சொல்பவனும் பொருளும் ஒரே உடம்பில் நிற்கிறார்கள். தொல்காப்பியர் சொன்ன இளமையும் பேதைமையும் அங்கே வரிக்கு வரி இருக்கின்றன.

இனி வலுவான மறுப்புக்கு வரலாம். தன்னைத்தானே கேலி செய்வது மனத்துக்குக் கேடு என்று சொல்லும் ஆய்வுகள் உண்டு. கனடாவின் ரோட் மார்ட்டின் குழுவினர் 2003இல் நகைச்சுவைப் பாங்குகளை நான்காகப் பிரித்தபோது, பிறரைச் சிரிக்கவைப்பதற்காகத் தன்னை அளவுக்கு மீறித் தாழ்த்திக்கொள்ளும் பாங்கு மனச்சோர்வோடும் பதற்றத்தோடும் குறைந்த தன்மதிப்போடும் சேர்ந்து வருவதைக் கண்டார்கள். இடுக்கண் வரும்போது வேடிக்கையான பக்கத்தைக் கண்டு தன்னைத் தேற்றிக்கொள்ளும் பாங்கோ நல்ல மனநிலையோடு சேர்ந்து வந்தது. எது எதற்குக் காரணம் என்று இத்தகைய வினாப்பட்டியல்கள் சொல்வதில்லை. ஆனால் இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் என்பதுதான் சிக்கல்: இரண்டிலும் ஒருவர் தன்னைப் பற்றிச் சிரித்துப் பேசுகிறார்.

இந்தச் சிக்கலை மேடையிலேயே உடைத்துக் காட்டியவர் டாஸ்மேனியாவைச் சேர்ந்த ஹன்னா காட்ஸ்பி. 2018இல் நெட்ஃபிளிக்ஸில் வெளிவந்த 'நானெட்' நிகழ்ச்சியில் முதலில் ஒரு பழைய கதையைச் சொல்கிறார். பேருந்து நிறுத்தத்தில் ஓர் ஆள், தன் காதலியிடம் பேசிக்கொண்டிருந்த காட்ஸ்பியை ஆண் என்று எண்ணி அடிக்க வருகிறான். பெண் என்று தெரிந்ததும் அசடு வழிய விலகிப் போகிறான். அரங்கம் சிரிக்கிறது. நிகழ்ச்சியின் பிற்பகுதியில் அதே கதையின் விட்ட பகுதியைச் சொல்கிறார்: அந்த ஆள் திரும்பி வந்தான், அடித்தான், யாரும் தடுக்கவில்லை. தன்பாலினச் சேர்க்கை 1997 வரை சட்டப்படி குற்றமாக இருந்த ஊரில் வளர்ந்தவர் அவர். அந்த நிகழ்ச்சியைச் சிரிப்பாக்குவதற்காக அதன் முடிவை வெட்டியெறிந்தேன், பல ஆண்டு மேடையில் சொல்லிச் சொல்லி வெட்டிய வடிவமே நினைவாக உறைந்துவிட்டது என்பது அவருடைய குற்றச்சாட்டின் சாரம். ஒதுக்கப்பட்டவர் தன்னைக் கேலி செய்வது அடக்கம் ஆகாது, அது தன்னிழிவு என்றும் சொல்கிறார்.

அவர் சொல்வதை நான் ஏற்கிறேன். என் வாதத்துக்கு அது எதிரி என்று தோன்றவில்லை, வலுச்சேர்ப்பது. பேருந்து நிறுத்தத்தில் காட்ஸ்பி செய்த பிழை என்று ஒன்றுமே இல்லை. கணக்கில் அவர் பெயரில் எழுத ஒன்றும் இல்லாதபோது, அவர் பெயரில் எழுதியதுபோல ஒரு சிரிப்பு உண்டாக்கப்பட்டது. அது பொய்க் கணக்கு. மனச்சோர்வோடு சேர்ந்து வரும் அந்தப் பாங்கையும் இப்படிப் புரிந்துகொள்ளலாம் என்று நினைக்கிறேன்: நிறம், உடல்வாகு, வறுமை, சாதி என்று தன் பிழை அல்லாதவற்றை ஒருவர் தன் பிழைபோல மேடையேற்றிக் கைதட்டு வாங்கும் நிலை. நம் சினிமாவில் கறுப்பானவரும் பருமனானவரும் தம் உடம்பை வைத்துத் தாமே கேலி பேசும்படி வசனம் எழுதிக் கொடுக்கப்பட்ட காட்சிகளுக்குக் குறைவில்லை. பேசுவது அவர் வாய் என்பதால் அது தன்னைத்தானே செய்துகொண்ட கேலி ஆகிவிடாது.

அடுத்த மறுப்பு, இது வசதியுள்ளவர்களின் விளையாட்டு என்பது. எலியட் ஆரன்சன் குழுவினர் 1966இல் செய்த சோதனையில், கடினமான கேள்விகளில் 92 விழுக்காட்டுக்குச் சரியாக விடை சொன்னவர் கடைசியில் தன்மேல் காபியைக் கொட்டிக்கொண்டபோது கேட்டவர்களுக்கு அவரை இன்னும் பிடித்துப்போனது. சுமாராக விடை சொன்னவர் காபி கொட்டியபோது இருந்த மதிப்பும் குறைந்தது. 1940இல் சாமிநாதையர் மகாமகோபாத்தியாயர். மூக்குடைந்த கதையைச் சொன்னால் அவருக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. உண்மை. எழுதி வெளியிடுவதில் அந்தஸ்துக்குப் பங்கு உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் சிரிப்பு பிறப்பதற்கே அந்தஸ்து வேண்டும் என்பது இதிலிருந்து பெறப்படுவதில்லை. அதற்குக் காந்தியின் 'சத்திய சோதனை'யில் சான்று இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் சலவைச் செலவைக் குறைக்க அவரே தன் காலருக்குக் கஞ்சி போட்டார். கஞ்சி கூடிப்போய், நீதிமன்றத்தில் காலரிலிருந்து உதிர்ந்துகொண்டே இருந்தது. சக வழக்கறிஞர்கள் சிரித்தார்கள். இது முதல் முயற்சி, எனக்கு இதனால் தொந்தரவில்லை, உங்களுக்கும் இவ்வளவு வேடிக்கை கிடைக்கிறதே என்ற பொருளில் அங்கேயே பதில் சொன்னார். அப்போது அவர் மகாத்மா அல்ல, நிறவெறி நாட்டில் தொழில் நடத்திய இளம் வக்கீல். காலம் கழியவும் இல்லை. பேராசிரியர் சொன்ன எள்ளப்பட்டவர் நகுதல் சுடச்சுட நடந்திருக்கிறது. கஞ்சியைக் கூடக் கலந்தது தன் கை என்பதில் அவருக்கு ஐயம் இல்லாததால் நடந்தது.

பிழையை இவ்வளவு சுத்தமாகப் பங்கு பிரிக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு, பெரும்பாலும் முடியாது என்பதே பதில். காந்தி லண்டனில் 19 ஷில்லிங்குக்கு உயரத் தொப்பியும், பாண்டு தெருவில் 10 பவுனுக்கு மாலை உடையும் வாங்கி, 3 பவுன் கட்டி நடனம் பழகப் போய்த் தாளத்துக்குக் கால் ஒத்துவராமல் தவித்ததைக் கண்ணாடி முன் நின்ற நேரம் உட்பட விலைப்பட்டியலோடு எழுதுகிறார். முழுக்கத் தன் மோகம் என்றே எழுதுகிறார். அந்த மோகத்தை ஊட்டியதில் பேரரசுக்குப் பங்கில்லையா என்று இன்றைய வாசகர் கேட்கலாம், கேட்க வேண்டும். காந்தி அங்கே பேரரசைக் கொஞ்சம் எளிதாக விட்டுவிட்டார் என்றே எனக்குப் படுகிறது. ஆனால் முடிவெட்டிய கதையில் அப்படி விடவில்லை. பிரிட்டோரியாவில் ஓர் ஆங்கிலேய முடிதிருத்துநர் அவருக்கு வெட்ட ஏளனமாக மறுத்துவிட, கத்தரி வாங்கிக் கண்ணாடி முன் நின்று தானே வெட்டிக்கொண்டார். முன்பக்கம் ஏதோ தேறியது, பின்பக்கம் கெட்டுப்போனது. எலி கடித்ததா என்று நீதிமன்ற நண்பர்கள் கேட்டுச் சிரித்தார்கள். வெள்ளைக்கார முடிதிருத்துநர் என் கறுப்பு முடியைத் தொடமாட்டார், ஆகவே எப்படியானாலும் நானே வெட்டிக்கொண்டேன் என்று பதில் சொன்னார். கோணலாக வெட்டியது தன் கை. வெட்ட வைத்தது யார் என்பதும் அதே பதிலில் இருக்கிறது. பின்னாளில் எழுதும்போது இன்னும் ஒரு படி போகிறார்: கறுப்பருக்கு வெட்டினால் அந்த முடிதிருத்துநர் மற்ற வாடிக்கையாளர்களை இழந்திருப்பார், நம் ஊர் நாவிதர்களைத் தீண்டத்தகாதார் எனப்படுவோருக்கு வெட்ட நாம் விடுகிறோமா, அதற்கான கூலி எனக்குத் தென்னாப்பிரிக்காவில் பலமுறை கிடைத்தது என்கிறார். எலி கடித்த தலையைப் பற்றிய கேலியில் தொடங்கிய பத்தி, முடிதிருத்துநர், அவருடைய வெள்ளை வாடிக்கையாளர்கள், நம் ஊரின் சாதி வழக்கம் என்று ஒவ்வொருவர் பேரிலும் உரிய பங்கை எழுதிவிட்டுத்தான் முடிகிறது.